துவர்ப்பு பிடித்த தோல்

இத்தாலியின் டஸ்கனியில், ஃபுளோரன்சிலிருந்து பீசாவுக்குப் போகும் ரயில் பெரும்பாலும் ஆர்னோ ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. தெற்கே கியாந்தி ஒயினுக்குப் பேர்போன திராட்சைக் குன்றுகள். பாதி வழியில் சான் மினியாட்டோ நிலையம். அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் சாந்தா குரோச்சே, மரச்சாற்றில் தோல் பதனிடும் ஊர். ஒயின் குடிக்கப் போகிறவர்கள் அந்த ஊரையும் பார்க்க வேண்டும் என்பேன். கோப்பையில் இருப்பதும் தோல் பதனிடும் குழியில் இருப்பதும் ஒரே சுவைதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் ஊறி வரும் டேனின் சிவப்பு ஒயினை நாக்கில் நிற்கவைக்கிறது. செஸ்நட் மரத்தின் டேனின் மாட்டுத் தோலை அழுகாமல் காக்கிறது.

டேனின் என்ற சொல்லைக் கேட்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. அதை அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம்: துவர்ப்பு. வேலூரிலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் வந்து கணியம்பாடியில் பிரிந்தால், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி. அருவியையும் 1967இல் தொடங்கிய உயிரியல் பூங்காவையும் பார்க்க வருகிறவர்கள், வரும் வழியிலேயே துவர்ப்பைத் தாண்டித்தான் வருகிறார்கள். மேட்டு நிலத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை, காட்டோரத்துச் சரக்கொன்றை, மேலே மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் பொறுக்கிச் சேர்க்கும் கடுக்காய் எல்லாமே துவர்ப்புச் சரக்கு. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரையின் பட்டையை உரித்துத்தான் ஒரு காலத்தில் பாலாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிட்டன.

கடுக்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும். நாக்கு தடித்து, பல்லில் உரசும்போது சொரசொரக்கும். உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைத் துவர்ப்பு பற்றிக்கொள்வதால் வரும் வறட்சி அது. பச்சைத் தோலும் புரதம்தான், கொலாஜன் என்று பெயர். பட்டைச்சாறு அதன் இழைகளுக்குள் புகுந்து அப்படியே பற்றிக்கொள்கிறது. வாயில் நொடிகளில் நடப்பது, குழியில் நடந்து முடிய வாரக்கணக்காகிறது.

அந்த வாரங்களில்தான் இந்தக் கைவேலையின் அழகு இருக்கிறது. உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து அலசுவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. மயிர் இளகியதும், சாய்வான மரத்தின் மேல் விரித்து, இரு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் வழித்தெடுப்பார்கள். புரட்டிப் போட்டுச் சதையைச் சீவுவார்கள். சுண்ணாம்பு போகக் கழுவிய பிறகே பட்டைக் குழி. அதிலும் முதலில் போடுவது சாரம் இறங்கிப்போன பழைய சாற்றில். நாளாக ஆகத்தான் புதுச் சாறு. ஆசைப்பட்டு முதல் நாளே கெட்டிச் சாற்றில் முக்கினால் மேற்புறம் மட்டும் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும், நடுவில் பச்சையாகவே நின்றுவிடும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர்; வெளிச்சம் பட்டுத் தோல் சிவந்து போகாமல் அது காக்கும். பிறகு எண்ணெய் தடவி, மடிப்பு நீக்கி, நிழலில் உலர்த்தல்.

இப்படி உருவான தோலுக்கு லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி போய்விட்டது, பெயர் மட்டும் ஈ.ஐ. தோலாக நிலைத்து, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆவாரையின் இடத்தைப் பிற்பாடு வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது. டஸ்கனிக்காரர்கள் மிமோசா என்று சொல்வதும் இதே வாட்டில் மரத்தின் சாற்றைத்தான்.

ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் இரண்டு துண்டுகளை அருகருகே பார்த்தேன். ஒன்று, குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல். வெட்டிய ஓரத்தில் வெளிறிய நீலச் சாம்பல் தெரிந்தது. கசக்கினால் துணிபோல மடங்கி, விட்டதும் விரிந்தது. மற்றது பட்டைத் தோல். ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே வெளிர் பழுப்பு. நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. "கட்டை விரலால் தேய்ங்க தம்பி" என்றார் கிடங்குக்கார பாய். தேய்க்கத் தேய்க்கக் கோடு மங்கி உள்ளே போயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். கறுத்துப் பரவி, பேசிக்கொண்டிருக்கும்போதே வடிந்து வெளிறியது. மூக்கருகே கொண்டுபோனால் மழை நனைத்த மரக்கட்டையின் வாசனை. குரோம் தோல் முடித்த நாளில் எப்படியோ, ஏறக்குறைய அப்படியே இருக்கும். பட்டைத் தோல் வெயிலையும் கைப்பிசுக்கையும் வாங்கி வாங்கி நிறம் முற்றும். நல்ல ஒயினைப் பற்றி இத்தாலியர் பெருமையாகச் சொல்வதும் இதைத்தான்.

1884இல் அமெரிக்காவில் குரோம் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வாரங்களின் வேலை ஒரு நாளுக்குள் சுருங்கியது. மெல்லிய, நனைந்தாலும் கெடாத ஷூத் தோல் அதனால்தான் சாத்தியமாயிற்று. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடியில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூக் கம்பெனி வேலைக்குப் போவதும் அதைத் தொட்டுத்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பாலாறு கொடுத்த விலை பெரிது. தோல் கழிவு நீரால் கெட்ட கிணறுகளுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பட்டை முறையும் மாசற்றதல்ல. அதிலும் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, குழித் தண்ணீரும் கறுப்புதான். அந்தக் குழிகளில் இடுப்பளவு இறங்கி நின்ற மனிதர்களின் சாதியைச் சொல்லி ஊர் ஒதுக்கி வைத்தது. அவர்கள் கைநுணுக்கத்தை வித்தை என்று ஏற்கவே இல்லை. சாந்தா குரோச்சேயில் அதே வேலைக்காரரை மாஸ்டர் என்கிறார்கள்.

அன்று பாயிடம் ஒரு வார் வாங்கி வந்தேன், இடுப்புப் பெல்ட்டுக்கு. முதலில் கட்டும்போது விறைத்து நின்றது. இப்போது மூன்றாவது துளையில் கொக்கி பதிந்த பள்ளம் விழுந்திருக்கிறது. வெளிப்பக்கம் காய்ச்சிய வெல்லத்தின் நிறம். கொக்கியின் மறைவில் மட்டும் வாங்கிய அன்றிருந்த வெளிர் பழுப்பு, விரற்கடை அகலத்துக்கு, அப்படியே இருக்கிறது.