ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்தால் போதுமா?

கணினி வலையமைப்புப் பாடத்தை ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளில் தொடங்கி, பருவம் முழுக்க அந்த ஏணியிலேயே ஏறுவதுதான் சரி என்று வாதாடும் பேராசிரியர்கள் இன்றும் நிறையப் பேர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய சிக்கலைப் பிரித்துப் பார்க்க அது கற்றுத்தருகிறது. 'லேயர் 2 ஸ்விட்ச்', 'லேயர் 7 லோட் பேலன்சர்' என்றுதான் வேலையிடத்திலும் பேசுகிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு நெறிமுறையும் எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்தது என்பதை இந்த முறை மறைத்துவிடுகிறது. என் நெடுநாள் ஆட்சேபம் இதுதான்.

டிசிபியையே எடுத்துக்கொள்வோம். 1981இல் அதன் வரையறையாக ஆர்எஃப்சி 793 வெளிவந்தபோது, அதில் நெரிசல் கட்டுப்பாடு கிடையாது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வினாடிக்கு 32 கிலோபிட் ஓடவேண்டிய தரவு 40 பிட்டாகச் சரிந்தது. பதில் தாமதமாகவே, தொலைந்துவிட்டது என்றெண்ணிக் கணினிகள் அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பின. அதனால் நெரிசல் இன்னும் கூடியது. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி சொன்னது: கொஞ்சமாகத் தொடங்கு, பாக்கெட் தொலைந்தால் உடனே வேகத்தைப் பாதியாகக் குறை, பிறகு மெல்லக் கூட்டு. மேலிருந்து யாரும் உத்தரவிடாமல், கோடிக்கணக்கான கணினிகளைத் தாமாகவே விட்டுக்கொடுக்க வைத்த யோசனை இது. பொறியியலில் இதைவிட அழகான பாடம் எனக்குத் தெரியாது. அதை நாம் எப்படி நடத்துகிறோம்? 13 மதிப்பெண் வினாவுக்கான வரைபடமாக. ஏறி இறங்கும் அந்தக் கோட்டைப் பிசகில்லாமல் வரைந்துவிடும் மாணவரிடம் "ஏன் பாதியாகக் குறைக்க வேண்டும்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

ஓஎஸ்ஐ மாதிரி சர்வதேசத் தரமாக வெளிவந்தது 1984இல். ஆர்ப்பாநெட் அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியே டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. செஷன், பிரசென்டேஷன் என்ற இரண்டும் இணையத்தில் தனி அடுக்குகளாக நிலைபெறவே இல்லை. ஆனாலும் அவற்றின் கடமைகளைப் பட்டியலிடச் சொல்லி வினா வருகிறது.

ஆய்வகத்தில் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, உலாவியில் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். முதலில் டிஎன்எஸ் கேள்வி போகும். பிறகு சின், சின்-ஆக், ஆக் என மூன்று வரிகள். அடுத்து டிஎல்எஸ்ஸின் 'கிளையன்ட் ஹலோ'. இந்த டிஎல்எஸ் எத்தனையாவது அடுக்கு? ஐந்தா, ஆறா? பாடப்புத்தகப் படத்தில் அதற்கு ஒழுங்கான இடம் இல்லை. கூகுளின் தளங்களைத் திறந்தால் பெரும்பாலும் டிசிபியே வராது. யூடிபி 443இல் க்விக் ஓடும். 2021இல் ஆர்எஃப்சி 9000 ஆகத் தரப்படுத்தப்பட்ட க்விக், யூடிபியின் மேல் அமர்ந்து டிசிபியின் வேலையையும் செய்கிறது, டிஎல்எஸ்ஸையும் தன்னுள் வைத்துக்கொள்கிறது. ஏழு அடுக்கைக் கரைத்துக் குடித்த மாணவர் இதைத் திரையில் பார்த்துத் திகைக்கிறார் என்றால், தவறு பாடத்திட்டத்தில் இருக்கிறது.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயர்ஷார்க் இலவச மென்பொருள். முதல் வாரமே அதை மாணவர் கையில் கொடுங்கள். தான் பிடித்த பாக்கெட்டுகளை வரிவரியாக விளக்கச் சொல்லி மதிப்பெண் போடுங்கள். ஏழு அடுக்குப் படத்தைக் கடைசி வாரத்தில் நடத்திக்கொள்ளலாம்.