ஓசிடியும் உயிரியல் விளக்கங்களும்: எது தேறும், எது தேறாது?

1917இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எக்கனாமோ என்ற மருத்துவர் புதுவகை மூளைக்காய்ச்சல் ஒன்றைப் பதிவுசெய்தார். அதில் பிழைத்தவர்களில் சிலருக்குப் பிற்பாடு கண்கள் திடீரென்று மேலே செருகி, அப்படியே நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து ஒரே எண்ணம் விடாமல் வந்து துரத்தும். கண் இறங்கினால் எண்ணமும் விலகும். அதே ஊரில் 1909இல்தான் ஃபிராய்டு, எலிகளைப் பற்றிய கொடூரக் கற்பனையிலிருந்து மீளமுடியாத ஓர் இளைஞரின் நோய்க்கு, தந்தைமீது அவருக்கிருந்த மறைமுக வெறுப்பைக் காரணம் காட்டி விரிவாக எழுதியிருந்தார். வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் சடங்கும் விடாமல் துரத்தும் ஓசிடி நோயைப் பொறுத்தவரை, அடுத்த அரை நூற்றாண்டு ஃபிராய்டின் பக்கமே சாய்ந்தது. பிள்ளையைக் கழிப்பறைப் பழக்கத்தில் கண்டிப்பாக வளர்த்த தாய்தான் குற்றவாளி என்ற பேச்சு மருத்துவமாகவே நடமாடியது. உயிரியல் விளக்கம் வந்து அந்தப் பழியைத் துடைத்தது. அதன் குறைகளைச் சொல்வதற்கு முன் இந்த நன்மையை எழுதி வைத்துவிட வேண்டும்.

ஆனால் 'உயிரியல் விளக்கம்' என்பது ஒன்றல்ல. மூளையின் வேதிப்பொருளான செரடோனின், மூளைச் சுற்று, மரபணு, தொற்றுக்குப் பின் வரும் எதிர்ப்புச்சக்திக் கோளாறு என்று பல இருக்கின்றன. இவற்றில் மிகப் பலவீனமானதுதான் மக்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அது செரடோனின் கதை. 1960களின் இறுதியில் ஸ்பெயின் மருத்துவர்கள் குளோமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து ஓசிடியைத் தணிப்பதைக் கண்டார்கள். அமெரிக்காவில் 1989இல் இந்த நோய்க்கு அதற்கு அனுமதி கிடைத்தது. அதன் நெருங்கிய உறவான டெசிப்ரமின், நோரட்ரீனலின் என்ற வேறொரு வேதிப்பொருள்மீது அதிகம் வேலை செய்யும் மருந்து. அது ஓசிடியில் பெரிதாகப் பயன்படவில்லை. செரடோனினைத் தொடும் மருந்து மட்டும் வேலை செய்கிறது என்பது நல்ல தடயம். ஆனால் அதிலிருந்து 'செரடோனின் குறைந்ததால்தான் நோய் வந்தது' என்று தாவியது தர்க்கப் பிழை. தைலம் தேய்த்ததும் தலைவலி போனால், உடம்பில் தைலம் குறைந்ததால்தான் தலை வலித்தது என்று யாரும் சொல்வதில்லை. மருந்து சில மணி நேரத்திலேயே நரம்பணுக்களின் இடைவெளியில் செரடோனினைக் கூட்டிவிடுகிறது; நோயாளிக்குத் தெம்பு தெரிய 8 முதல் 12 வாரம் ஆகிறது. உணவு வழியே செரடோனினின் மூலப்பொருளைக் குறைத்துப் பார்த்த சோதனைகளிலும் ஓசிடி அறிகுறிகள் உறுதியாகக் கூடவில்லை. மாத்திரை பலருக்குக் கைகொடுக்கிறது என்பது வேறு விஷயம், அதில் சந்தேகமில்லை.

மூளைச் சுற்று விளக்கம் இதைவிட எவ்வளவோ உறுதியானது. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதி, மூளையின் ஆழத்திலிருக்கும் காடேட், தலாமஸ் ஆகியவற்றை இணைத்து ஓடும் ஒரு வளையம் இது. 'ஏதோ தப்பு, கவனி' என்ற எச்சரிக்கை இதில் எழுந்து, காரியம் முடிந்ததும் அடங்க வேண்டும். ஓசிடியில் அது அடங்குவதில்லை. கதவைப் பூட்டியது கண்ணுக்குத் தெரிகிறது. பூட்டியாயிற்று என்ற உணர்வு மட்டும் வந்து சேர்வதில்லை. 1999இல் பெல்ஜிய மருத்துவர்கள் எந்தச் சிகிச்சைக்கும் மசியாத சிலருக்கு இந்தப் பாதையில் மின்முனை பதித்துத் தூண்டி, முன்னேற்றம் கண்டார்கள்.

இந்த விளக்கத்தின் உரைகல் 1992இல் லூயிஸ் பாக்ஸ்டர் குழு வெளியிட்ட ஆய்வு. நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு ஃப்ளுவாக்செட்டின் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாமல் நடத்தைப் பயிற்சி. இரண்டிலும் தேறியவர்களுக்குக் காடேட்டில் சர்க்கரை எரியும் வேகம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஒரு பிரிவில் ஒற்றை இலக்க எண்ணிக்கையே. ஆனாலும் அது கிளப்பும் கேள்வி பெரியது. அழுக்கைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்காரப் பழகியவருக்கும் மூளை மாறுகிறது என்றால், ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்த அந்த இடம் நோயின் காரணமா, நோய் ஓடும் தடமா? படம் இரண்டையும் ஒரே நிறத்தில்தான் காட்டும். பல நாட்டு ஸ்கேன்களைத் திரட்டிய 2017ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து எடுக்கும் பெரியவர்களிடம் தெரிந்த வேறுபாடும் மருந்து தொடாத குழந்தைகளிடம் தெரிந்ததும் வெவ்வேறாக இருந்தன. இவை சராசரிக் கணக்குகள். ஒருவரின் ஸ்கேனை வைத்து அவருக்கு ஓசிடி என்று எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது.

அடுத்தது மரபணு விளக்கம். 2007இல் ஒரு மரபணுவை நீக்கிய எலிகள் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டன. அந்த மரபணுவை இந்த மூளைச் சுற்றின் ஒரு பகுதியில் மட்டும் திரும்பச் சேர்த்ததும் அடங்கின. அழகான சோதனை. ஆனால் 'என் பிள்ளையை நானே கொன்றுவிடுவேனோ' என்று எந்த எலியும் நடுங்கியதா என்று நமக்குத் தெரிய வழியில்லை. மனித மரபணுக் கணக்கோ அடக்கமாகவே பேசுகிறது: 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2025இல் வந்த ஆய்வு 30 இடங்களை அடையாளம் கண்டது, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. 'ஓசிடி மரபணு' என்று ஒன்று கிடையாது. தொண்டைத் தொற்றுக்குப் பின் சில குழந்தைகளுக்குத் திடீரென்று நோய் மூள்வதாக 1998இல் வந்த கருத்தில் விவாதம் ஓயவில்லை. சரியாகவே இருந்தாலும் அது ஒரு சிறு கூட்டத்தின் கதை.

இந்த விளக்கங்கள் எல்லாம் கைவிடும் இடத்தைக் காட்டியது 1978இல் வந்த ஓர் ஆய்வு. ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் லண்டனில் நடத்தியது. நோயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் இதே வகை எண்ணங்கள் வருகின்றன என்று அவர்கள் கண்டார்கள்: யாரையாவது தள்ளிவிட்டால் என்ன, அசிங்கமாக எதையாவது கத்திவிட்டால் என்ன. மற்றவர்கள் அதை உதறிவிட்டுப் போகிறார்கள். அப்படியானால் உயிரியல் பதில் சொல்ல வேண்டியது எண்ணம் ஏன் வந்தது என்பதற்கல்ல, ஏன் போகவில்லை என்பதற்கு. சுற்று விளக்கம் அதற்கு ஓரளவு பதில் தருகிறது. ஒருவருக்கு அந்த எண்ணம் தீட்டாகவும், பக்திமானுக்குச் சாமியைத் திட்டும் சொல்லாகவும், பிள்ளை பெற்றவளுக்குக் கத்தியாகவும் ஏன் வருகிறது என்று கேட்டால் அந்த வளையத்திடம் பதிலில்லை. எதை உயிராய் மதிக்கிறோமோ அதையே அந்த எண்ணம் குறிபார்க்கிறது. இதை நோயாளியிடம் பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

'எல்லாம் கெமிக்கல்தான்' என்ற வாக்கியத்துக்கு விலையும் உண்டு. மனநோய்களுக்கு உயிரியல் காரணம் சொன்னால் நோயாளிமீதான பழி குறைகிறது, கூடவே குணமாகும் என்ற நம்பிக்கையும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓசிடியில் இது கூடுதல் கெடுதல். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் தொடங்கிய முறை, அதாவது அஞ்சுவதை எதிர்கொண்டு சடங்கைச் செய்யாமலிருக்கும் பயிற்சி, மாத்திரைக்குச் சளைத்ததல்ல. 2005இல் எட்னா ஃபோவா குழு ஒப்பிட்டபோது, சிகிச்சையை முடித்தவர்களில் பயிற்சி பெற்றவர்கள் 86 சதவீதமும் குளோமிப்ரமின் மட்டும் எடுத்தவர்கள் 48 சதவீதமும் தேறினார்கள். பயிற்சி கடுமையானது, பாதியில் விடுபவர்களும் உண்டு. 'என் மூளையில் ஏதோ குறைச்சல்' என்று நம்புகிறவர் அந்தக் கஷ்டத்துக்கு ஏன் இறங்க வேண்டும்?

நம் ஊரில் 'எல்லாம் கெமிக்கல்தான்' என்ற பேச்சு பரவ இன்னொரு காரணமும் சேர்கிறது. மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது. வாரக்கணக்கில் கூட உட்கார்ந்து இந்தப் பயிற்சி தரத் தெரிந்தவர்கள், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற சில பெரிய மையங்களையும் பெருநகரங்களையும் தாண்டினால் அரிது. ஐந்து நிமிடத்தில் அடுத்தவரை அழைக்க வேண்டிய மருத்துவருக்கு 'செரடோனின் குறைவு' என்று சொல்லி முடிப்பது சுலபம். இந்த விளக்கம் பரவியதில் ஆராய்ச்சிக்கு இருக்கும் பங்கைவிட அந்த ஐந்து நிமிடத்துக்கு இருக்கும் பங்கு அதிகம் என்றே எனக்குப் படுகிறது.