நண்டலாற்றுக்கு அப்பால் ஓர் இலக்கணம்

மாயூரத்தில் பேருந்தேறி, ஆக்கூர், திருக்கடையூர், தரங்கம்பாடி என்று வயல்வெளிகளைக் கடந்து நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் காரைக்கால் வந்துவிடுகிறது. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலம் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை அங்கே அரசோச்சிய பிரெஞ்சு மொழி, பென்ஷன் வாங்கும் பழைய படைவீரரைக் குறிக்கும் 'சொல்தா'விலும், பஞ்சாயத்துக்கு முன்னொட்டாக நிற்கும் 'கொம்யூ'னிலும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

அம்மொழியின் புதிர்களைக் கண்டு அஞ்சுகிறவர்களில் பலர், அதை ஆங்கிலத்தின் வாயில் வழியே அணுகியவர்களே. 'லிப்ரேரி' என்ற பலகையைப் பார்த்து நூலகமென்று உள்ளே நுழைகிறவர், அது புத்தகக் கடை என்றறிந்து விழிக்கிறார். நம் வீட்டில் பட்டுப்புடவையையும் பத்திரத்தையும் காக்கும் பீரோவும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததே. ஆனால் பிரெஞ்சுக்காரர்களுடைய 'பூரோ' எழுதுமேசை, அல்லது அலுவலகம்.

நன்னூலின் புணரியலைத் திண்ணைப் பள்ளியில் உருப்போட்டவருக்கோ, பிரெஞ்சு இலக்கணத்தின் சிக்கலான இடங்களே பரிச்சயமான இடங்கள். 'நாடு' என்பதோடு 'இல்லை' சேரும்போது ஈற்று உகரம் மறைந்து 'நாடில்லை' ஆவதுபோல, 'ல' என்னும் சுட்டு 'அமி' என்னும் நண்பனோடு சேர்ந்து 'லமி' ஆகிறது. 'அவனிடம் உண்டா' என வினவுகையில் 'அ', 'இல்' என இரண்டு உயிர்கள் நெருக்குண்ணாதபடி நடுவில் ஒரு தகரத்தை நிறுத்தி 'அ-த்-இல்' என்கிறார்கள். நம் உடம்படுமெய் செய்யும் உபகாரம் வேறென்ன? 'ஒரு வீடு' என்ற நாமே 'ஓர் ஊர்' என்பதுபோல, 'இந்த' என்னும் பொருளில் மெய்க்கு முன் 'ஸெ' என்றவர்கள் உயிருக்கு முன் 'ஸெத்' என்கிறார்கள். செவியின்பத்துக்காக எழுத்தை வளைக்கும் இந்த சௌந்தரிய உணர்வு காவிரிக்கரைக்கும் ஸேன் நதிக்கரைக்கும் பொதுவாயிருப்பதை எண்ணி எண்ணி வியக்கலாம்.

உயர்திணை, அஃறிணை என்று பொருளின் இயல்பைப் பார்த்தே பால் வகுத்த தமிழ்மனம் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ஆடவனின் தாடி அங்கே பெண்பால். துப்பாக்கி ஏந்திய காவல்வீரனைக் குறிக்கும் 'ஸாந்தினெல்' என்ற சொல்லும் பெண்பால்! நகைக்கத் தோன்றும், ஆயினும் மனைவியைக் குறிக்கும் சொற்களில் 'தார' ஆண்பாலென்றும், 'பார்யா' பெண்பாலென்றும், 'களத்ர' நபும்ஸகமென்றும் ஸம்ஸ்கிருத பாடசாலையில் கற்றவர் நகைக்கமாட்டார். காரணம் தேடாமல், சொல்லை அதன் சுட்டோடு சேர்த்தே நாவில் ஏற்றிக்கொள்வதுதான் உபாயம்.

பிரெஞ்சில் எழுபதை 'அறுபது பத்து' என்றும், எண்பதை 'நான்கு இருபது' என்றும் எண்ணும் விநோதத்தைப் பரிகசிக்கிறவர்கள் நம் எண்களையும் சற்று நோக்கவேண்டும். ஒன்பதில் பத்தும், தொண்ணூற்றில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் முன்கூட்டியே வந்து அமர்ந்திருக்கின்றனவே! இளமையைக் காரைக்காலில் கழித்து, பிற்பாடு பாரிஸில் தமிழ் போதித்து, 1903இல் தமிழுக்கு ஒரு பிரெஞ்சுக் கையேடும் எழுதிய ஜூலியன் வின்ஸோன், அந்த நூறு ஏன் அங்கே வந்ததென்று தம் மாணாக்கர் கேட்டபோது என்ன சமாதானம் சொல்லியிருப்பாரோ?