'உ'வும் 'ஓவா'வும்

உஸ்பெக் மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்தான்: 'உ'. 'உ கெல்தி' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. ருஷ்யனில் மேசை ஆண், புத்தகம் பெண். தமிழில் 'நான் வந்தேன்' என்று ஒளிந்துகொள்ளலாம். ருஷ்யக்காரியால் முடியாது, 'யா ப்ரிஷ்லா' என்று இறந்தகாலத்தில் வாய் திறந்ததுமே பெண்ணெனப் பதிவாகிவிடுகிறாள்.

உடனே, உஸ்பெக் சமத்துவ மொழி, ருஷ்யன் ஆணாதிக்க மொழி என்று நம்மில் சிலர் கிளம்பிடுவாங்க. கொஞ்சம் நில்லுங்க. கல்யாணம் பண்ணுவதற்கு உஸ்பெக்கில் இரண்டு வினைகள். ஆணுக்கு 'உய்லன்மோக்', 'உய்' என்றால் வீடு. பெண்ணுக்கு 'துர்முஷ்கா சிக்மோக்', அதாவது குடித்தனத்துக்குப் புறப்பட்டுப் போவது. ருஷ்யனிலும் அவன் மனைவி கொள்கிறான், அவள் 'புருஷன் பின்னால் போகிறாள்'. விகுதியில் இல்லாத பால் வினையின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

1927 மார்ச் 8இல் கட்சி 'ஹுஜும்' தொடங்கியது. தாக்குதல் என்று பொருள். சதுக்கங்களில் பரஞ்ஜி என்ற முகத்திரை அங்கியை எரித்த பெண்கள் பலர் பிறகு கொலையானார்கள். 1929இல் இளம் நடிகை நூர்ஹானை அவருடைய சகோதரனே குத்திக் கொன்றான். உஸ்பெக்கில் சொன்னால் கொன்றவனும் 'உ', செத்தவளும் 'உ'. பாலற்ற அந்தப் பிரதிப்பெயர் யாரையும் காப்பாற்றவில்லை.

அதே சமயம், விடுதலையைச் சுமந்து வந்த மொழி சும்மா வரவில்லை. சோவியத் ஆவணங்களில் அண்ணன் கரீமோவ், தங்கை கரீமோவா. முன்பும் தந்தை பெயரோடு 'ஒக்லி' (மகன்), 'கிஸி' (மகள்) சேர்ந்தது உண்மைதான். ஆனால் அவை அவர்கள் வீட்டுச் சொற்கள். 'ஓவா' அலுவலகத்தில் ஒட்டிய வால். மொழிக்குள் இல்லாத இலக்கணப் பாலை அடையாள அட்டை வழியாக அரசு நுழைத்தது. இந்த அதிகாரச் சொல்லாடலைப் பேசாமல் ஹுஜுமை மட்டும் புகழ்வது அரைகுறை வேலை. முகத்திரையை மட்டும் காட்டி ஹுஜுமைத் திட்டுறதும் அப்படித்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. போர்க்காலத்தில், 1941 முதல் 1944 வரை, தாஷ்கெண்டில் தங்கியிருந்த அக்மதோவாவுக்குப் 'பொயெத்தெஸ்ஸா' என்ற பெண்பால் சொல்லே பிடிக்காது. நான் கவிஞர், 'பொயெத்', அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. பால் நிறைந்த மொழிக்காரி பாலை உதறுகிறார். அதே தாஷ்கெண்டின் சுல்பியாவை (1915–1996), பாலே இல்லாத மொழி 'ஷோயிரா' என்கிறது. கவிஞருக்கு 'ஷோயிர்' என்ற சொல் கையில் இருந்தும், பெண் எழுதினால் தனியாகக் காட்ட ஒரு விகுதி வேண்டியிருந்தது. அதை அரபியிலிருந்து கடன் வாங்கினார்கள்.