குருவிக்கூடும் கதைக்குரியோரும்

எழுத்தாளர் ஒருவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்குதல் எளிது. அவர் அமர்ந்த நாற்காலியையும், எழுதிய மேசையையும், படித்த நூல்களையும் உரிய இடத்தில் வைத்துவிட்டால் போதும். ஆனால், கதைசொல்லியின் நினைவில்லம் அத்துணை எளிதன்று. கதை வாயிற் பிறந்து செவியில் வாழ்வது. அதனை எந்தக் கண்ணாடிப் பேழைக்குள் அடைப்பது? அடைத்தாலும், அஃது யாருடைய கதையென்று பெயர் பொறிப்பது? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் சிறிய நினைவில்லம் ஒன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில் உள்ளது. அதன் பெயர் 'ரென்ஸ் நெஸ்ட்'. ரென் என்பது ஒரு சிறு குருவி. ஆகவே நாம் அதனைக் 'குருவிக்கூடு' எனலாம்.

ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்னும் இதழாசிரியர் 1881 முதல் 1908-இல் மறையும் வரையில் வாழ்ந்த வீடு அது. வீட்டின் அஞ்சற்பெட்டியில் குருவியொன்று கூடு கட்டியதாம். அதனைக் கலைக்க மனமில்லாத குடும்பத்தார் அப்பெட்டியைக் குருவிக்கே விட்டுவிட்டனர். வீட்டுக்கு அப்பெயர் வந்தது இவ்வாறே. ஹாரிஸ் மறைந்தபின் அன்பர்கள் கழகம் ஒன்று அமைத்துப் பொருள் திரட்டி வீட்டை வாங்கினர். 1913 முதல் அது நினைவில்லமாக விளங்குகிறது. 1962-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

ஹாரிஸின் புகழுக்குக் காரணம் 'ரீமஸ் மாமா' கதைகள். 1879-இல் அட்லாண்டா நாளிதழில் வெளிவரத் தொடங்கி, 1880-இல் நூல்வடிவம் பெற்றவை அவை. ரீமஸ் என்னும் கறுப்பினக் கிழவர், வெள்ளை முதலாளி வீட்டுச் சிறுவனுக்கு இரவுதோறும் கதை சொல்லுகிறார். முயலண்ணனும் நரியண்ணனும் கரடியண்ணனும் அக்கதைகளின் மாந்தர். ஹாரிஸ் இவ்வாறு எழுதிய கதைகள் 180-க்கும் மேற்பட்டவை.

இக்கதைகள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன? 1862-இல் சிறுவனாக இருந்த ஹாரிஸ், டர்ன்வோல்ட் என்னும் தோட்டத்து அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தந்தையால் கைவிடப்பட்டுத் தாயின் உழைப்பில் வளர்ந்த ஏழைச் சிறுவர் அவர். வேலை முடிந்ததும் அடிமைகளின் குடிசைகளுக்குச் செல்வார். அங்கே ஜார்ஜ் டெரல் முதலிய முதியோர் அடுப்பங்கரையில் அமர்ந்து சொன்ன கதைகளைக் கேட்டார். கேட்டவற்றை மறவாமல், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதினார். கதைகள் தம் கற்பனையல்ல, தாம் தொகுத்தவையே என்று தம் நூலின் முன்னுரையிலேயே அவர் ஒப்புக்கொண்டார். இந்நேர்மையை நாம் மறத்தலாகாது.

ஈண்டு ஒரு விந்தையையும் குறிப்பிடல் வேண்டும். கதைசொல்லியெனப் போற்றப்படும் ஹாரிஸ், கதையை வாயால் சொல்லவே அஞ்சியவர். திக்குவாயும் மிகுந்த கூச்சமும் உடையவர். 1882-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மார்க் ட்வைனைச் சந்தித்தபோது, ரீமஸ் மாமாவைக் காணச் சிறுவர்கள் கூடினர். வந்திருப்பவர் வெள்ளையர் என்று கண்டதும் அவர்கள் ஏமாற்றம் அடைந்தனர் என ட்வைன் எழுதுகிறார். தம் கதையைப் படித்துக் காட்டவும் ஹாரிஸுக்கு வாய் எழவில்லை. குழந்தைகளின் ஏமாற்றத்தை வேடிக்கையென்று தள்ளிவிடலாமா? கதைக்கு உரிய குரல் வேறு எங்கோ இருக்கிறது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்துவிட்டனர் அன்றோ?

நிற்க. இக்கதைகளுள் யாவரும் அறிந்தது 'தார்ப் பொம்மை' கதை. முயலைப் பிடிக்க நரி தாரினால் ஒரு பொம்மை செய்து வழியில் வைக்கிறது. வணக்கம் சொல்லியும் பொம்மை வாய் திறவாமையால் சினந்த முயல் அதனை அடிக்கிறது. முன்னங்கால்களும் பின்னங்கால்களும் தலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பௌத்த ஜாதகக் கதையொன்றில் இளவரசன் ஒருவன் ஒட்டும் மயிர் கொண்ட அரக்கனை இவ்வாறே தாக்கி, கைகளும் கால்களும் தலையும் ஒட்டிக்கொள்ள நிற்கிறான். மலாய்க் கதையில் வெள்ளரித் தோட்டத்தில் திருடவரும் சாங் கஞ்சில் என்னும் சருகுமானும், பிசின் பூசிய பொம்மையில் ஒட்டிக்கொண்டு அகப்படுகிறது. இக்கதை இந்தியாவிற் பிறந்ததா, ஆப்பிரிக்காவிற் பிறந்ததா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். நாம் அவ்வழக்கில் புக வேண்டுவதில்லை. கடல் கடந்து இத்துணை நாடுகளுக்குச் சென்ற கதைக்கு ஒருவரை மட்டும் ஆசிரியராக்குதல் இயலாது என்பது தெளிவு.

ஆயினும், ஒவ்வொரு மக்களும் அக்கதைக்குத் தம் உயிரை ஊட்டினர். விற்கவும் வாங்கவும் பட்ட மக்களுக்கு முயலின் சூழ்ச்சி வெறும் வேடிக்கையன்று. வலியோரின் பல்லுக்குத் தப்பி வாழும் எளியோரின் அறிவு அது. முள்ளுப்புதரில் மட்டும் எறிந்துவிடாதே என்று முயல் கெஞ்சுகிறது. நரி அதையே செய்ய, பிறந்து வளர்ந்த முள்ளுக்குள் அது துள்ளி ஓடுகிறது. இதனைக் கேட்ட அடிமைகள் எதற்காகச் சிரித்திருப்பார்கள் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஹாரிஸின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. கதையை மாற்றாமல் எழுதியவர், கதை சொல்லும் சூழலை மாற்றிவிட்டார். தம் மக்களுக்குத் தாமே சொல்லிக்கொண்ட கதை, முதலாளி வீட்டுப் பிள்ளையை மகிழ்விக்கும் கதையாயிற்று. ஹாரிஸ் பிறந்த ஈட்டன்டன் ஊரிலேயே 1944-இல் பிறந்த கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தம் முன்னோரின் செல்வத்தை ஹாரிஸ் கவர்ந்துகொண்டார் என்று 1981-இல் அட்லாண்டாவில் உரையாற்றுகையில் குற்றஞ்சாட்டினார். தம் வீட்டுக் கதைகளே தமக்கு நாணம் தருவனவாகிவிட்டன என்பது அவருடைய வேதனை. கடுமையான சொல்தான், ஆனால் காரணமற்ற சொல்லன்று.

நினைவில்லத்தின் வரலாறே அக்காரணத்தை உரைக்கும். கறுப்பின மக்களின் கதைகளால் புகழ்பெற்ற அவ்வீட்டினுள், 1960-களின் பிற்பகுதி வரையில் கறுப்பின மக்கள் பார்வையாளராக நுழைய இயலவில்லை. 1946-இல் இக்கதைகளை வைத்து வால்ட் டிஸ்னி எடுத்த படம் அட்லாண்டாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோதும் இதுவே நிலை. ரீமஸ் மாமாவாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், நகரின் இனப்பிரிவினை காரணமாக அவ்விழாவில் கலந்துகொள்ளவில்லை. கதை உள்ளே, கதைக்கு உரியோர் வெளியே!

இன்று அவ்வீடு நிற்கும் தெரு, கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ரால்ஃப் டேவிட் அபர்நாதியின் பெயரைத் தாங்கியுள்ளது. 1980-களிலிருந்து கறுப்பினக் கதைசொல்லிகள் அங்கே குழந்தைகளுக்கு நேரிற் கதை சொல்லலாயினர். நினைவில்லத்துக்கு உயிர் வந்தது அன்றுதான் என்பது என் துணிபு. பேழையிலுள்ள கையெழுத்தும் அலமாரியிலுள்ள முதற்பதிப்பும் ஹாரிஸுக்குரிய மதிப்பைக் காட்டுவன. டெரல் போன்றோருக்குரிய மதிப்பை உயிருள்ள குரல் ஒன்றே காட்டவல்லது.

அங்ஙனமாயின் ஹாரிஸை ஒதுக்கிவிடலாமா? ஆகாது. அவர் எழுதாதிருந்தால் பல கதைகள் அடுப்பின் சாம்பலோடு மறைந்திருக்கும். தொகுத்தவர்க்குத் தொகுத்தவர்க்குரிய இடம்; சொன்னவர்க்குச் சொன்னவர்க்குரிய இடம். ஒருவர் பெயரால் மற்றவரை மறைப்பதே குற்றம். நினைவில்லம் செய்யவேண்டுவது, அவ்விரு பெயர்களையும் ஒரே சுவரில் எழுதுவதே.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பாடம் உண்டு. விலங்கும் பறவையும் பேசும் கதைகள் நமக்குப் புதியன அல்ல. பொருளொடு பொருந்தாப் புனைவையும் தொல்காப்பியர் உரைவகையுள் ஒன்றாக எண்ணினார். யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதையை உரைகாரர் அதற்கு எடுத்துக்காட்டாக்கினார். தோட்டத்து வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் பாட்டிமார் சொல்லும் கதைகளை இன்று மாணவர்கள் ஏட்டில் எழுதி வருகின்றனர். அவ்வேட்டில் கதையின் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சொன்னவர் பெயர், அவர் ஊர், அவர் யாரிடம் கேட்டார் என்பது. குருவிக்கூட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து விளங்கிய உண்மை, நம் மாணவர்க்கு முதல் நாளிலேயே விளங்கட்டும்.