காலணாத் தாளில் தெரிந்த நூற்றாண்டு

வரப்போவது எது என்று தெரிந்துகொள்ள இன்று எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் தேடினார்கள், முதல் வார வசூல் எவ்வளவு என்று. தேர்தல் வியூகக்காரர்களும் விளம்பர நிறுவனங்களும் பேசிவந்த இந்தப் பேச்சு இப்போது இலக்கிய மேடைகளிலும் கேட்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. லட்சம் பேர் பகிர்ந்துவிட்ட ஒன்று ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. மழை வருமா என்று பார்க்கும் கிராமத்து ஆள், எறும்பு முட்டையோடு மேடேறுகிறதா என்றுதான் பார்ப்பார். தமிழ்ச் சமூகத்தில் அப்படி முன்னதாக மேடேறியவை சிறிய பத்திரிகைகள். அவற்றிலும் முக்கியமானவை நம் சிற்றிதழ் வரலாறுகளில் இடம்பெறவே இல்லை.

அந்த வரலாறுகள் சொல்லும் வரிசை வாசகர்களுக்கு மனப்பாடம். 1933இல் மணிக்கொடி, 1959இல் எழுத்து, 1970இல் கசடதபற. இவற்றின் சாதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று சி.சு. செல்லப்பா முடிவு செய்துகொண்டு தொடங்கிய எழுத்துதான், பண்டிதர்கள் கவிதையே இல்லை என்று ஒதுக்கிய புதுக்கவிதையை நிலைநிறுத்தியது. இன்று பள்ளிப் பாடநூலிலும் வார இதழிலும் இருப்பது அந்த வடிவம்தான். ஆனால் இந்த மூன்று இதழ்களும் கூர்மையாக முன்னறிந்தது மொழியில் வந்த மாற்றத்தை. சமூகத்தில் என்ன வரப்போகிறது என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. நான்கு பக்கம், விலை காலணா. அன்றைய கணக்கில் காலணாவும் ஒரு பைசாவும் ஒன்றுதான், விலையே பெயரானது. நடத்தியவர் சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர். ஓராண்டுக்குப் பிறகு வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் ‘ஒரு பைசா’ உதிர்ந்து, இதழ் ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் இறக்கும்வரை வாரம் தவறாமல் எழுதினார். அதே சென்னையில் பாரதியின் ‘இந்தியா’ சுதேசியத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சாதியை வைத்துக்கொண்டு எந்தத் தேசத்தைச் சீர்திருத்தப் போகிறீர்கள் என்று தமிழன் கேட்டது. ‘இந்தியா’வை எல்லா இதழியல் வரலாறுகளும் பாடமாக வைக்கின்றன. தமிழனின் பெயரை நான் படித்த காலத்தில் எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அயோத்திதாசர் முன்கூட்டிக் கண்டவற்றை ஆண்டு வைத்துப் பார்க்கலாம். 1891இல் அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் திராவிட மகாஜன சபை. திராவிடர் கழகம் அந்தச் சொல்லைத் தாங்கி வந்தது 1944இல். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து, ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயில் நுழைவும், பிள்ளைகளுக்குக் கல்வியும், தரிசு நிலமும் கேட்டார். கோயில் என்றதும் அவை கொதித்தது. உங்களுக்கு உங்கள் ஊர்த்தெய்வங்கள் போதும் என்று பதில் வந்தது. மதுரை மீனாட்சி கோயில் கதவு திறக்க 1939 ஆயிற்று. 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். அவருடைய சாக்கிய பௌத்த வட்டாரத்தில் இயங்கிய லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த நூலை 1948இல் முன்னுரை எழுதி மறுபதிப்புச் செய்தவர் அம்பேத்கர். அவர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது அதற்கு எட்டாண்டு கழித்து.

இது தீர்க்கதரிசனம் அல்ல. தமிழனுக்குக் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசகர்கள் இருந்தார்கள். ஊரில் பண்ணையாருக்கு அடிமைப்பட்டுக் கிடந்து, சுரங்கத்தில் கூலி வாங்கி, முதன்முறையாகக் காலணாவைத் தன் விருப்பப்படி செலவழித்த மனிதர்கள் அவர்கள். வேலை மாறி, இடம் மாறி, கையில் காசு வந்ததும் ஒரு சமூகம் என்ன கேட்கத் தொடங்கும் என்பது அவர்கள் வாழ்க்கையிலேயே தெரிந்தது; பத்திரிகை அதைக் காதுகொடுத்துக் கேட்டது. நின்றுபோயிருந்த தமிழனை 1926இல் தமிழ்ப் பௌத்தரான அப்பாதுரையார் மறுபடி தொடங்கியதும் அதே தங்கவயலிலிருந்துதான்.

1990களில் இதே காட்சியை மறுபடி கண்டோம். மண்டல் இடஒதுக்கீட்டு அறிவிப்பும் அம்பேத்கர் நூற்றாண்டும் சேர்ந்து வந்தபோது, நிறப்பிரிகை என்ற சிற்றிதழ் பக்கம் பக்கமாகத் தலித் அரசியலை விவாதித்தது. இலக்கியத்தில் சாதிச் சண்டையை இழுக்கிறார்கள் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1992இல் பாமாவின் கருக்கு வந்தது. 1999இல் விடுதலைச் சிறுத்தைகள் தேர்தல் களம் இறங்கினர்.

அதே 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. அந்தத் தொகுதிகளை முதலில் புரட்டிய இரவில் தேதிகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் 1950களுக்கு உரியவை என்று நினைத்திருந்த வாதங்களுக்குக் கீழே 1909, 1911 என்று இருந்தது. அவை நம் கைக்கு வந்ததற்குப் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துக் காத்த அன்பு பொன்னோவியத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயரும் நான் பார்த்த எந்தச் சிற்றிதழ் வரலாற்றிலும் இல்லை.