ஆறு சென்டிமீட்டரில் ஒரு எண்டர்பிரைஸ்

மூன்றரை மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு காகிதக் குழாயைச் சுருட்டி ஒட்ட, முதல் முறை எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. மின்விசிறி ஓடினால் துண்டு பறக்கும். நிறுத்தினால் விரல் வியர்த்து, இங்க்ஜெட் மை கட்டைவிரலில் ஏறிவிடும். அந்தக் குழாய், ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலத்துக்கு உள்ள இரண்டு எஞ்சின்களில் ஒன்று. கதைப்படி கலத்தின் நீளம் 289 மீட்டர். ஐயாயிரத்தில் ஒரு பங்காக்கினால் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுண்டுவிரல் அளவு.

1966இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய அத்தொடருக்காக மேட் ஜெஃப்ரீஸ் வரைந்த இந்தக் கலம், காகிதத்தை எடைபோட நல்ல தராசு. முன்னே ஒரு தட்டு, அதன் கீழே உருளை வயிறு, வயிற்றிலிருந்து மேலெழும் இரண்டு ஒல்லிக் கால்கள், கால்களின் நுனியில் எஞ்சின் குழாய்கள். பெரும்பாலும் உருளை, கூம்பு, தட்டை. காகிதத்துக்குப் பிடித்த வடிவங்கள் இவை மூன்றும்தான். ஒரு பக்கமாக வளைத்துவிட்டால் அது குறுக்கே வளைய மறுக்கும். கடலைப் பொட்டலம் மடிப்பவருக்கு இது கைப்பாடம். கூம்பு ஒரே சுழற்றலில் வந்துவிடும். பந்தைச் செய்தித்தாளில் சுற்றினால் சுருக்கம் விழாமல் முடியாது. ஏன் முடியாது என்று 1827இல் கணிதமேதை கவுஸ் நிறுவியும் காட்டினார்.

கால்களிடம்தான் காகிதம் தன் பெருமையைக் காட்டுகிறது. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் உருகி ஓடி நிரம்புவதற்கு ஓரளவு தடிமன் வேண்டும். அதனால் மிகச் சிறிய பிளாஸ்டிக் மாதிரிகளில் இந்தக் கால்கள் பெரும்பாலும் தூண்களாகப் பெருத்துவிடுகின்றன. 160 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.2 மில்லிமீட்டர். இரண்டு தாளை ஒட்டினால் 0.4, கலத்தின் கணக்கில் இரண்டு மீட்டர். இரு குழாய்களும் காற்றில் மிதப்பதுபோல, இப்போதே முறிந்துவிடுமோ என்று நிற்கின்றனவே, கலத்தின் அழகே அதுதான். அதைக் காகிதம் காப்பாற்றுகிறது. எடை இல்லாததால் ஒட்டிய இடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

குறை காகிதத்தில் இல்லை, நாம் அதைச் சிறிதாக்கும் விதத்தில் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கு யாரோ வரைந்த தாளை எடுத்து, பிரிண்டரில் இருபது சதவீதம் என்று தட்டி விடுகிறோம். நான்கு மில்லிமீட்டர் ஒட்டுமடிப்பு 0.8 மில்லிமீட்டர் ஆகிறது. பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்த ஃபெவிக்கால் சொட்டே அதைவிடப் பெரிது. மடிப்பு சுருங்கும், தாளின் தடிமன் சுருங்காது. உள்ளே மடித்த ஒவ்வொரு நாக்கும் வட்டத்தை வெளியே தள்ள, தட்டு நெளிந்த அப்பளமாகிவிடுகிறது. இந்த அளவில் மடிப்புகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு விளிம்போடு விளிம்பை ஒட்டுவதே மேல். அந்த முடிவைத் தாளை வரைந்தவர் எடுத்திருக்க வேண்டும். 1940களில் பிரிட்டனில் ஜெஃப்ரி ஹெய்வே வெளியிட்ட ‘மைக்ரோமாடல்ஸ்’ அஞ்சலட்டை அளவுத் தாள்களில் வந்தன. அவை தொடக்கத்திலிருந்தே சிறிதாக யோசிக்கப்பட்டவை.

கோடுகளின் கதை இன்னும் மோசம். படப்பிடிப்புக்காகச் செய்த மூன்றரை மீட்டர் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த மூல மாதிரி இன்று வாஷிங்டனின் தேசிய வான்–விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தட்டின் மேற்புறக் கட்டங்கள் பென்சிலால் மெல்லிசாக வரையப்பட்டவை; தொலைக்காட்சியில் கண்ணுக்கே எட்டாதவை. நம் தாள்களிலோ அவை கறுப்பாக ஓடுகின்றன. பிரிண்டர் போடும் கோடு 0.1 மில்லிமீட்டர்தான் என்று வைத்தாலும், அது கலத்தின் மேல் அரை மீட்டர் அகலப் பள்ளம். கோடு கூடக் கூடக் கலம் பெரிதாகத் தெரியும் என்பது நம்பிக்கை. நடப்பது நேர்மாறு: கலம் பொம்மையாகிறது. கோடே இல்லாத வெளிர்சாம்பல் தட்டும், அதன் மேல் கலத்தின் எண்ணும் இருந்தால் போதும், 289 மீட்டரைக் கண் தானே நம்பிவிடும்.

முப்பரிமாணப் படத்தை விரித்துத் தாளாக்கித் தரும் மென்பொருள்களும் இந்த விஷயத்தில் உதவுவதில்லை. எதை விடலாம் என்று அவற்றுக்குத் தெரியாது. வளைந்த பரப்பை முக்கோணங்களாக நறுக்கித் தருகின்றன; ஒரே கூம்பில் முடிய வேண்டியது பதினாறு துண்டாகி மேசையில் கிடக்கிறது.

மீதி இருப்பவை எஞ்சின்களின் முன்னுள்ள அரைக்கோள மூடிகள். பெரிய மாதிரியில் பூவிதழ்போல் வெட்டிக் கூட்டலாம். மூன்றரை மில்லிமீட்டரில் அது கனவு. சிலர் பாசிமணி ஒட்டுகிறார்கள். காகிதம் தவிர வேறெதுவும் கூடாது என்பவர்களுக்கு அது தீட்டு. நான் காகிதக் கட்சிதான், ஆனால் பிடிவாதத்தால் அல்ல. ஒரு சிறு வட்டத்தை லேசாக ஈரப்படுத்தி, ரப்பர்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவின் முனையால் அழுத்திச் சுழற்றினால் இழைகள் கொஞ்சம் இளகிக் குழிகின்றன. கவுஸின் தேற்றம் நீளாத பரப்புக்கு. ஈரத்தாள் சற்றே நீளும். அந்தச் சந்தில் நுழைந்து எடுத்த மூடியைத்தான் சிவப்புப் பென்சிலால் தீட்டி ஒட்டினேன். பாசிமணி கூடுதல் வழவழப்பாக இருந்திருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

மூல மாதிரிக்கு இடப்பக்கம் முழுமையாகச் செய்யப்படவில்லை. விளக்குகளுக்கான கம்பிகள் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போயின. கேமரா வலப்பக்கத்தைப் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். காகிதக் கலத்துக்கு அந்தச் சலுகை இல்லை, எல்லாப் பக்கமும் செய்தாக வேண்டும். செய்தேன். ஆனால் என் கலத்தின் இடது கால் அரை மில்லிமீட்டர் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. கலத்தின் கணக்கில் இரண்டரை மீட்டர். அலமாரியில் வலப்பக்கம் தெரியும்படி வைத்திருக்கிறேன்.